'ஆல்' என முடிவன

எதெல்வினா பென்தான்கூரின் பொத்தான் கடையில்
பாதிச் சுவரில்தான் பொத்தான்கள்.
மீதிப் பாதியின் இழுப்பறைகளில்
சொற்கள்.

மொந்தேவிதேயோவில் பாட்டுக் கட்டும் எவனுக்கும்
இது தெரியும். போலீசுக்குத் தெரியாது.
ஒரு பொத்தான் வாங்கினால் ஓர் இயைபு.
எங்கள் வால்தெமாரின் கோட்டில்
ஒன்றோடொன்று சேராத பதினேழு பொத்தான்கள்
அப்படி வந்தவைதான்.

மேல் வரிசை ஓரசை.
சால் என்றால் உப்பு. மால் என்றால் தீமை.
கால் என்றால் சுண்ணாம்பு.
கீழே ஈரசை: கனால், அது கால்வாய்;
மெத்தால், உலோகம்.
இன்னும் கீழே,
முட்டி போட்டால்தான் எட்டும் உயரத்தில்
மூவசை.
நாலசைக்கு ஒரே ஒரு பெட்டி.
ஐந்தசை பிஸ்கட் டப்பாவில்.
"அதையெல்லாம் அமைச்சர்கள்தான் பேசுவார்கள்" என்பாள்.

விரல்விட்டு எண்ண மாட்டாள்.
புறங்கையைத் தாடைக்கடியில் வைத்துக்கொண்டு
சொல்லைச் சொல்லிப் பார்ப்பாள்.
தாடை எத்தனை தரம் கையை இடிக்கிறதோ
அத்தனையாவது வரிசை.

அந்தப் பெப்ரவரி,
திருவிழாவுக்கு ஒன்பது நாள் இருக்கையில்
தணிக்கைக்குப் போன எங்கள் பாட்டு திரும்பி வந்தது.
இருநூறு வரியில் ஒரே ஒரு சொல்மேல் சிவப்புப் பென்சில்.
முந்திய வரி 'அனிமால்' என்று முடிந்தது: விலங்கு.
அதை விட்டிருந்தார்கள்.
விலங்குகள்மேல் அப்போது வழக்கு எதுவும் இல்லை.
அடுத்த வரியின் கடைசியில் 'ஹெனெரால்'.
தளபதி.
அது எப்படித் தப்பும் என்று வால்தெமார் நினைத்தானோ,
இன்றுவரை நான் கேட்கவில்லை.

கடைக்கு நானும் போனேன்.
பெரிய முரசு அடிப்பவன் நான்;
சொல்லோடு எனக்குப் பழக்கம் குறைவு.
அவள் முட்டி போட்டாள்,
சீட்டுகளைக் கண்ணாடி மேசைமேல் பரப்பினாள்.

ஓஸ்பிதால், மருத்துவமனை.
"யாரை அனுப்பினோம் என்று கேட்பார்கள்."
கதெத்ரால், பேராலயம்.
"பேராயரின் அண்ணன் மகன்தான் எங்கள் ஜால்ரா."
வெந்தவால், சூறைக்காற்று.
"போன வருஷமே வீசிவிட்டது."
தெலந்தால், சமையல்கட்டு மேலங்கி.
வால்தெமார் சிரித்தான்,
பாதியில் வாசலைப் பார்த்தான்.

அவள் சீட்டுகளை வாரியெடுத்தாள்.
"ஒற்றைச் செருப்பு வாசலில் கிடந்தால்
மற்றதைத் தேடி ஊரே குனியும்.
இடத்தைக் காலியாக விடு.
ஆனால் அளந்து விடு."
என் பக்கம் திரும்பினாள்:
"மூன்று. கடைசி கனமாக."
அன்று நான் வாங்கியது மண்ணிறம், நாலு துளை.

சர்க்கரை பூசிய கடலையின் வாசம்.
முன்வரிசையில் இரண்டு சீருடைகள்.
பதின்மூன்று தொண்டைகள் 'அனிமால்' வரை ஏறின,
அடுத்த வரியின் விளிம்புக்கு வந்தன,
வாயை மூடின.

டும்.
டும்.
டூம்.

யாரும் சிரிக்கவில்லை, ஒரு மூச்சு நேரம்.
எண்ணூறு தாடைகள் ஓசையில்லாமல்
மூன்று தரம் அசைந்ததை
மேடையிலிருந்து பார்த்தேன்.
சீருடைகளில் ஒன்றின் தாடையும்.
பிறகுதான் பின்வரிசையிலிருந்து
சிரிப்பு உருண்டு வந்தது.

அது என்ன சொல் என்று கேட்டார்கள் நிலையத்தில்.
சொல் இல்லை ஐயா, தோல் என்றேன்.
மூன்று இரவு வைத்திருந்தார்கள்.
அசைக்கு ஒன்று.
கடைசி கனமாக.

வெளியே வந்து சட்டையைப் பார்த்தால்
இரண்டு பொத்தான் இல்லை.
எதெல்வினா என் முகத்தைப் பற்றிக் கேட்கவில்லை.
"எப்படி அடித்தாய், காட்டு" என்றாள்.
மேசைமேல் தட்டினேன்.
புறங்கையைத் தாடைக்கடியில் கொண்டுபோனாள்,
ஒரு சீட்டில் 'டும் டும் டூம்' என்று எழுதினாள்,
முட்டி போட்டாள்,
ஹெனெராலுக்கும் ஓஸ்பிதாலுக்கும் இடையில் செருகினாள்.

"இது 'ஆல்' என்று முடியவில்லையே."
"முடிந்தது. எல்லோருக்கும் கேட்டது.
நீ முரசுக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றாய்."

இரண்டு பொத்தானுக்கும்
காசை எண்ணித்தான் வாங்கிக்கொண்டாள்.
கணக்குப்படி
எனக்கு இன்னும் இரண்டு இயைபு
வர வேண்டியிருக்கிறது.